வளர்க்கக் கற்றல்

1969-ஆம் ஆண்டில் திருச்சபை குழந்தைகளுக்கான திருமுழுக்குச் சடங்கைப் புதிதாக வகுத்தளித்தபோது, அதில் ஒரு மாற்றம் ஓசையின்றி இடம்பெற்றது. அதற்கு முன் நூற்றாண்டுக் கணக்கில் வழங்கி வந்த சடங்கில் பச்சிளங் குழந்தையை நோக்கியே கேள்விகள் கேட்கப்பட்டன. குழந்தையின் பெயரால் ஞானப்பெற்றோர் விடையிறுத்தனர். பெற்ற தாயும் தந்தையும் ஏறத்தாழப் பார்வையாளர்களே. புதிய சடங்கோ பெற்றோரைத்தான் முதலில் அழைத்துக் கேட்கிறது. இக்குழந்தையை நம்பிக்கையில் வளர்க்கும் கடமையை ஏற்கிறீர்களே, அதன் பொருளை உணர்ந்துதான் ஏற்கிறீர்களா என்று வினவுகிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இக்கேள்வியை நாம் கேட்டு வருகிறோம். "உணர்ந்திருக்கிறோம்" என்ற விடையைத் தவிர வேறொன்றைக் கேட்டதில்லை. "எங்களுக்கு வளர்க்கத் தெரியாது, யாராவது சொல்லித் தாருங்கள்" என்று கூற அச்சடங்கில் இடமும் இல்லை. அப்படிக் கூற வேண்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பிள்ளையை அடிக்கும் தந்தையை ஊர் அறியும். கன்றிப்போன கன்னமும் அலறலும் காட்டிக் கொடுத்துவிடும். கவனிப்பாரற்று வளரும் பிள்ளையை ஊர் அறிவதில்லை. அது அழுவதுமில்லை. அழுதழுது பயனில்லை என்று கண்ட குழந்தை அழுகையை நிறுத்திவிடுகிறது, அதைப் பார்த்து, "எவ்வளவு சமர்த்தான பிள்ளை!" என்று வியக்கிறோம். பாஸ்கா காலத்தில் வீடு மந்திரிக்கச் செல்லும்போது இத்தகைய சமர்த்தான பிள்ளைகளைக் கண்டால் நமக்கு அச்சமே தோன்றுகிறது. வேற்று மனிதர் வீட்டுக்குள் நுழையும்போது இரண்டு வயதுக் குழந்தை தாயின் சேலையைப் பற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் ஆர்வத்தோடு எட்டிப் பார்க்க வேண்டும். இரண்டும் இன்றிச் சுவரோரம் அப்படியே அமர்ந்திருக்குமானால், அவ்வீட்டில் எதுவோ குறைகிறது.

நாம் பணியாற்றும் பங்கு நெல்லைச் சீமையில், பீடித் தொழிலை நம்பி வாழும் சிற்றூர்களைக் கொண்டது. பெண்கள் வீட்டிலேயே மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். விடியற்காலையில் நனைத்த இலையை வெட்டி முடித்து அமர்ந்தால், மாலையில் கடைக்குக் கொண்டு செல்லும் வரை தட்டு மடியைவிட்டு இறங்குவதில்லை. தாய் வீட்டில்தான் இருக்கிறாள். குழந்தை மூன்றடி தொலைவில்தான் இருக்கிறது. ஆயினும் அம்மடியில் குழந்தைக்கு இடமில்லை. புகையிலைத் தூளும் கத்தரியும் அதன் கைக்கெட்டும் தொலைவில் கிடக்கின்றன. இதைப் புறக்கணிப்பு என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை. வயிற்றுப்பாட்டை எந்தப் பெயரிட்டு அழைப்பது? ஆனால் பெயரைப் பற்றிய நம் தயக்கத்தால் குழந்தையின் எடை கூடிவிடப் போவதில்லை.

அத்தகைய ஒரு வீட்டிலிருந்துதான் அந்த இளந்தாய் பங்கு அலுவலகத்துக்கு வந்தார். வயது இருபத்திரண்டு. இடுப்பில் இரண்டேகால் வயதுப் பெண் குழந்தை. பின்னால் பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய ஆறு வயதுப் பையன். உடன் வந்த மாமியார்தான் பேசினார்: "சாமி, ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா இந்தப் பிள்ளய சிஸ்டர்மாரு இல்லத்துல விட்டுருவோம். அங்கன்னா நேரத்துக்குச் சோறு கெடைக்கும். இவளுக்கு ஒண்ணுந் தெரியல. எனக்கும் ஏலல." அந்தத் தாய் மறுக்கவுமில்லை, அழவுமில்லை. குழந்தையின் தலையில் சிரங்கு. பேச்சு இன்னும் வரவில்லை. தந்தை சுமை தூக்கும் தொழிலாளி. கூலியில் பாதி மதுக்கடைக்குப் போய்விடும்.

பங்குத் தந்தையின் சிபாரிசுக் கடிதத்துக்கு நம் நாட்டில் உள்ள வலிமையை வாசகர் அறிவர். முன்பு அக்கடிதம் ஒன்றே போதும். பிள்ளை இல்லத்தில் சேர்ந்துவிடும். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின்படி, பராமரிப்பு தேவைப்படும் குழந்தையைப் பற்றி முடிவு செய்யும் அதிகாரம் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கே உரியது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் நோக்கம். இதை மாமியாரிடம் விளக்கினோம். "அப்ப குழுவுக்கு எழுதிக் குடுங்க சாமி" என்றார் அவர். நியாயமான கேள்விதான்.

அந்தத் தாயிடம் தனியே பேசியபோதுதான் வேறொன்று தெரிய வந்தது. அவரும் நான்கு வயதில் தாயை இழந்து ஓர் இல்லத்தில் வளர்ந்தவர். அங்கே செபம் கற்றார், எழுத்துக் கற்றார், துணி துவைக்கவும் பெருக்கவும் கற்றார். கைக்குழந்தையை எப்படித் தூக்குவது, எப்போது ஊட்டுவது, காய்ச்சலைத் தொட்டு எப்படி அறிவது என்பவற்றை எங்கும் காணவில்லை. தமக்கு யாரும் செய்யாத ஒன்றைத் தம் பிள்ளைக்குச் செய்ய வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இப்போது அவருடைய மகளும் அதே வாசலுக்குச் செல்லக் காத்திருந்தாள்.

இல்லங்களை நடத்தும் அருட்சகோதரிகளின் தியாகத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்கள் இல்லையேல் தெருவில் கிடந்திருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆயினும் உருமேனியா நாட்டின் புக்கரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ஓர் ஆய்வை இங்கு மறக்க முடியாது. காப்பகங்களில் இருந்த 136 மழலையரில் ஒரு பாதியினரைக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்து வளர்ப்புக் குடும்பங்களில் விட்டனர். மறுபாதியினர் வழக்கமான பராமரிப்பில் தொடர்ந்தனர். குடும்பங்களுக்குச் சென்றவர்களின் அறிவும் பேச்சும் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறின. இரண்டு வயதுக்குள் சென்றவர்களுக்குப் பயன் மிகுதி. அக்காப்பகங்கள் நம் இல்லங்களைப் போன்றவை அல்ல என்று கூறலாம், உண்மைதான். ஆனால் ஒரு குழந்தைக்கு ஒரு முகம் வேண்டும் என்பதும், பலர் மாறி மாறிப் பார்த்துக்கொள்வது அதற்கு ஈடாகாது என்பதும் எவ்விடத்துக்கும் பொருந்தும்.

கடிதத்தை நாம் எழுதவில்லை. மூன்று மாதம் பொறுக்குமாறு கேட்டோம். பொறுக்கச் சொல்வது எளிது. அந்த மூன்று மாதத்தில் அக்குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? ஆகவே இரண்டு நிபந்தனைகளைத் தாயிடமும் மாமியாரிடமும் வெளிப்படையாகவே கூறினோம். மாதந்தோறும் அங்கன்வாடியில் எடை பார்க்க வேண்டும். எடை இறங்கினாலோ, உடலில் அடிபட்ட தடம் தெரிந்தாலோ, அன்றே 1098 என்ற எண்ணுக்குத் தகவல் போகும். முதல் நாள் எடை 8 கிலோ 900 கிராம். அட்டையில் மஞ்சள் கட்டம். சிவப்புக்குச் சற்று மேலே.

வளர்க்கத் தெரியாத பெற்றோருக்கு வளர்க்கக் கற்பிக்க இயலும் என்பது நம் கற்பனையன்று. அமெரிக்காவின் தென் இல்லினாய் பகுதியில் 1979-ஆம் ஆண்டில் ஜான் லுட்ஸ்கர் என்ற உளவியலாளர் இத்தகைய பணியைத் தொடங்கினார். பிள்ளைகளைக் கவனியாமல் விட்டதாக அரசின் கண்காணிப்புக்கு உட்பட்ட பெற்றோரின் வீடுகளுக்கே பயிற்சியாளர் சென்றனர். பிற்காலத்தில் அது மூன்று பாடங்களாகச் சுருங்கியது: நோயைக் கவனித்தல், வீட்டிலுள்ள ஆபத்துகளை அகற்றுதல், குழந்தையோடு பேசி விளையாடுதல். நோயைப் பற்றிய பாடத்தில் பெற்றோர் மருத்துவராக வேண்டியதில்லை. இது வீட்டிலேயே பார்க்கக்கூடியதா, மருத்துவரிடம் கேட்க வேண்டியதா, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியதா என்று பிரித்தறிந்தால் போதும். ஓக்லஹோமா மாநிலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெற்றோரிடம் நடத்திய ஆய்வு 2012-இல் வெளியாயிற்று. இம்முறையில் பயின்றவர்கள்மீது மீண்டும் புகார் எழுவது மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது.

கற்பிக்கும் முறைதான் நம்மைக் கவர்ந்தது. சொல்வது, செய்து காட்டுவது, அவர்களைச் செய்ய வைப்பது, செய்ததில் எது சரி என்று உடனே கூறுவது. முதலாவதை மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொண்டால் அதற்குப் பெயர் அறிவுரை. அறிவுரைக்கு நம் மக்களிடையே என்றும் பஞ்சமில்லை. அந்த இளந்தாயும் மாமியார், அண்டை வீட்டார், செவிலியர் என்று பலரிடம் கேட்டவர்தான். "பிள்ளைய ஒழுங்காப் பாரு" என்றார்கள் எல்லோரும். ஒழுங்காகப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று ஒருவரும் காட்டவில்லை.

நம் பங்கில் அன்பியப் பொறுப்பாளராக உள்ள ஒரு கைம்பெண் இப்பணியை ஏற்றார். அங்கன்வாடியில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். செவிலியரான ஓர் அருட்சகோதரியிடம் இரண்டு மாதம் பயின்றார். புதன்கிழமை தோறும் பிற்பகல் மூன்று மணிக்கு அவ்வீட்டுக்குச் செல்வார். முதல் மூன்று வாரம் ஒன்றும் கற்பிக்கவில்லை என்று நம்மிடம் சொன்னபோது சற்று வியந்தோம். "இலை வெட்டிக் குடுத்தேன் சாமி. நான் உக்காந்து இலை வெட்டுனாத்தான் அவளுக்குக் கை ஓயும். கை ஓஞ்சாத்தான் பிள்ளயத் தூக்குவா" என்றார். குருமடத்தில் மேய்ப்புப் பணி இறையியலில் நாம் இவ்வளவு தெளிவாகக் கற்றதாக நினைவில்லை.

நான்காம் வாரம் குளிப்பாட்டல். வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்க்கக் காட்டினார். "இப்ப நீ ஊத்து தங்கச்சி" என்று செம்பைக் கையில் கொடுத்தார். தண்ணீர் கண்ணில் விழாமல் நெற்றியில் கையை அணை கொடுத்த அந்தக் கணத்தில், "அந்தா, அந்தக் கை வச்சியே, அதான்" என்றாராம். அது போதுமானதாக இருந்திருக்கிறது. ஒரு வாரத்துக்கு ஒன்று; ஒன்றுக்கு மேல் இல்லை. அடுத்த வாரம் வீட்டை ஒரு குழந்தையின் உயரத்திலிருந்து பார்ப்பதற்காக இருவரும் தரையில் தவழ்ந்திருக்கிறார்கள், மாமியார் சிரித்துவிட்டாராம். அப்போதுதான் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய் அடுப்பின் கீழிருந்து பரணுக்கு ஏறியது. மூடியில்லாத தண்ணீர்த் தொட்டிக்குப் பலகை வந்தது. தூள் தட்டு குழந்தைக்கு எட்டாத திண்ணைக்கு மாறியது.

பேச்சுக்குத்தான் வெகு நாளாயிற்று. பீடி சுற்றும்போது வாய் சும்மாதானே இருக்கிறது என்று அந்த அம்மையார் யோசனை கூறினார். கட்டுகளை உரக்க எண்ணு. காக்கை வந்தால் காக்கை என்று சொல். பிள்ளை எதையாவது கைகாட்டினால் அதன் பெயரைச் சொல். இளந்தாய்க்கு முதலில் வெட்கம். மறுமொழி கூறாத குழந்தையிடம் தனியே பேசுவது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியிருக்கிறது. நம் ஆச்சிமார் தொட்டில் அருகே பாடியதும் கொஞ்சியதும் வெறும் பாசத்தின் மிகுதி என்றுதான் நாமும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். குழந்தையின் மூளை அதைக் கொண்டுதான் வளர்கிறது.

ஆச்சிமாரைப் பற்றிச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை. கூட்டுக் குடும்பம் போனதால்தான் எல்லாம் கெட்டது என்று எழுதுவது நம் ஏடுகளில் வழக்கமாகிவிட்டது. அக்கூட்டுக் குடும்பத்தில்தான் பிறந்த குழந்தைக்குச் சீம்பாலை மறுத்துச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாக வைத்தார்கள். வயிற்றுப்போக்குக் கண்ட பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்தினார்கள். எத்தனை கல்லறைத் தோட்டங்களில் எத்தனை சிறு சிலுவைகள்! அவர்களிடம் இருந்த அன்பும் பேச்சும் வேண்டும். எல்லா மருந்தும் வேண்டியதில்லை. இந்த வீட்டிலும் ஆடி மாதத்தில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைத் தாய் வாங்கி வந்தும்விட்டார். ஆனால் ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டியதை ஒரே டம்ளரில் கரைக்கப் போனார். அளவு மீறி உப்பேறிய நீர் குழந்தைக்குத் தீங்கே செய்யும். அன்று புதன்கிழமையாக இருந்தது இறைவனின் திருவருள். அந்த அம்மையார் தாமே கலக்கவில்லை. லிட்டர் பாட்டிலைக் கையில் கொடுத்து, பாக்கெட்டில் உள்ளதை வாசிக்கச் சொல்லி, தாயையே கலக்க வைத்தார்.

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருந்தும். பன்னிரு வயது இயேசு எருசலேமில் தங்கிவிட்டதை அறியாமல் மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் பயணம் வந்துவிடுகிறார்கள். கவலையற்ற பெற்றோர் அல்லர் அவர்கள். பயணக் கூட்டத்தில் உறவினரோடு இருப்பான் என்று நம்பினார்கள். அவ்வாறு நம்புவதற்கு ஒரு கூட்டம் இருந்தது. அந்த இளந்தாயின் குழந்தை திண்ணையைவிட்டு இறங்கித் தெருவுக்குப் போனால், "யாரோ பார்த்துக்கொள்வார்கள்" என்று அவர் நம்பக்கூடிய அந்த யாரோ எவர்? அன்பியம் என்று நாம் பெயர் சூட்டி, மாதம் ஒருமுறை கூடி, வாசகம் வாசித்துக் கலைகிறோமே, அது இக்கூட்டமாக வேண்டாமா?

மூன்று மாதம் முடிந்தபோது எடை 9 கிலோ 700 கிராம். அட்டையில் இன்னும் மஞ்சள்தான். ஆனால் கோடு மேல்நோக்கித் திரும்பியிருந்தது. ஏழாம் மாதத்தில் அக்குழந்தைக்கு இருபது சொற்களுக்கு மேல் வந்துவிட்டன. அதில் முதலாவது "காக்கா". தங்கையைப் பார்த்துக்கொள்வதற்காக நின்றுவிட்ட அண்ணன் மீண்டும் பள்ளிக்குப் போகிறான். மாமியார் கடிதம் கேட்பதை விட்டுவிட்டார். தந்தையிடம் மாற்றம் ஏதுமில்லை. குடியை இம்முறை தொடுவதுமில்லை. தொடும் என்று நாம் எதிர்பார்க்கவுமில்லை.

இதை எழுதுவதால் எல்லா வீட்டிலும் இப்படி நடக்கும் என்று வாசகர் எண்ணிவிடக் கூடாது. நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா நகரில் 1970-களின் இறுதியில் தொடங்கி, இளந்தாய்மாரின் வீடுகளுக்குச் செவிலியர் சென்று வந்த புகழ்பெற்ற முயற்சியில் குழந்தைப் புறக்கணிப்பு பெரிதும் குறைந்தது. ஆனால் தாய் அடிக்கடி அடிபடும் வீடுகளில் அப்பயன் காணாமற் போயிற்று என்று அதை நடத்தியவர்களே பின்னர் எழுதினார்கள். அஞ்சி நடுங்கும் தாயிடம் குளிப்பாட்டும் முறையைக் காட்டி என்ன பயன்? நம் பங்கிலும் ஒரு வீட்டில் அதுவே நேர்ந்தது. ஆறு வாரம் சென்று வந்த பிறகு, சிறுவனின் முதுகில் தடம் கண்டு 1098-க்குச் சொன்னோம். இரண்டு பிள்ளைகளும் இப்போது நலக் குழுவின் ஆணைப்படி ஓர் இல்லத்தில் உள்ளனர். அவ்வீட்டார் கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். சாமியே காட்டிக் கொடுத்துவிட்டார் என்று தெருவில் பேச்சு இருக்கிறது. இருக்கட்டும். குடும்ப மானம் என்ற போர்வையால் பிள்ளைகளின் முதுகை மூடுவதைத் திருச்சபை இனியும் செய்யலாகாது.

வசதியுள்ள வீடுகளைப் பற்றியும் எழுதுமாறு ஓர் அன்பர் கேட்டார். தாய் தந்தை இருவரும் வளைகுடாவில் இருக்க, கைப்பேசியை மடியில் வைத்து வளரும் பிள்ளைகள் நம் பங்கிலும் உள்ளனர். அது வேறொரு கட்டுரைக்கு உரியது. ஒன்று மட்டும்: அவ்வீடுகளில் நம்மை உள்ளே அழைத்துப் பழச்சாறு தருகிறார்கள், பிள்ளையைப் பற்றிக் கேட்டால் மதிப்பெண் சொல்கிறார்கள்.

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986-87-இல் தொடங்கிய ஒரு பணியையும் சொல்ல வேண்டும். வளர்ச்சி குன்றிய ஏழைக் குழந்தைகளின் வீடுகளுக்கு, மிகுந்த படிப்பில்லாத உள்ளூர்ச் சுகாதாரப் பெண் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் சென்று, தாய்மாருக்குக் குழந்தையோடு விளையாடக் கற்றுக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு; அவ்வளவுதான். அக்குழந்தைகள் இருபத்திரண்டு வயதானபோது, அப்பயிற்சி பெறாதவர்களைவிடக் கால் பங்கு மிகுதியாக ஊதியம் ஈட்டியதை 2014-இல் வெளியிட்டார்கள். அவர்கள் கொண்டு சென்ற விளையாட்டுப் பொருள்கள் விலைக்கு வாங்கியவை அல்ல; வீட்டில் எறியும் பொருள்களால் செய்தவை.

நம் பங்கிலும் அவ்வாறே செய்ய முயல்கிறோம். இப்போது நான்கு பெண்கள் பதினோரு வீடுகளுக்குச் செல்கிறார்கள். பேருந்துக் கட்டணத்தைத் தவக்காலச் சேமிப்பிலிருந்து கொடுக்கிறோம். ஞாயிறு தோறும் பூசைக்கு வருவோர் கழுவிக் காயவைத்த பாட்டில்கள், அட்டைப் பெட்டிகள், கொட்டாங்கச்சி, நிறமுள்ள துணித் துண்டுகள் ஆகியவற்றைக் கோவில் வராந்தாவிலுள்ள மேசையில் வைத்துச் செல்லலாம். சிறிய மூடிகளும் பொத்தான்களும் மட்டும் வேண்டாம். குழந்தையின் வாய்க்குள் போகக்கூடிய எதையும் அந்த அம்மையார் திருப்பி அனுப்பிவிடுகிறார்.